பூ மார்க்கெட் படங்கள்: கேமராவில் முடிக்க வேண்டியதும் எடிட்டிங்கில் சரியாவதும்

கேள்வி இது: பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் ஒன்று வாங்கினேன், கிராப் சென்சார் (முழு அளவைவிடச் சிறிய சென்சார்). கூடவே 18-55 கிட் லென்ஸும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் கே.ஆர். மார்க்கெட் போய் பூக்கடைகளை எடுத்தால், செண்டுமல்லிக் குவியல் வெறும் ஆரஞ்சுத் திட்டாக வருகிறது. முகங்கள் மங்கல். சில படங்களில் குறுக்கே கருப்புப் பட்டைகள். தார்ப்பாய்க்குக் கீழே இருப்பவர்களின் முகம் நீலம் பூத்துத் தெரிகிறது. லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளைக் கற்றுக்கொண்டால் சரியாகிவிடுமா? எங்கே ஆரம்பிக்கலாம்?

லைட்ரூம் கற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன நான்கு கோளாறில் முகத்தின் நிறம் ஒன்றுதான் எடிட்டிங்கில் ஒழுங்காகச் சரியாகும். ரா ஃபைலாக (சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுத்திருந்தால் பூ ஓரளவு மீளும். மங்கலும் பட்டையும் ஷட்டர் மூடியபோதே முடிந்துபோன சங்கதிகள். அவற்றை மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒப்பேற்றலாம், படமாக்க முடியாது. அதனால் கேமராவில் ஆரம்பித்து கம்ப்யூட்டருக்கு வருகிறேன்.

முதல் வேலை, மெனுவில் போய் படத்தின் ஃபார்மேட்டை ராவுக்கு மாற்றுவது. ஜேபெக் ஃபைலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் ரா ஃபைல் 14 பிட், அதாவது 16,384 படிகள். எண்ணிக்கையை விட முக்கியமான இன்னொன்று உண்டு. ஜேபெக்கில் ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறச்சாயலை ஈடுகட்டுவது), கான்ட்ராஸ்ட், நிறச்செறிவு எல்லாவற்றையும் கேமராவே போட்டு முடித்துவிடுகிறது. ரா என்பது மாவு, ஜேபெக் என்பது சுட்ட தோசை. மாவில் உப்பு குறைந்தால் போட்டுக் கலக்கலாம். தோசையில் மேலே தூவத்தான் முடியும். ஒரு ரா ஃபைல் ஏறக்குறைய 25 முதல் 30 எம்பி பிடிக்கும், அதற்கேற்ற கார்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் கருப்புப் பட்டைகள். பலர் இதைக் கேமரா பழுது என்று நினைத்து சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பழுது பல்பில் இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கின் வெளிச்சம் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. பழைய குண்டு பல்பில் இழை சூடாகவே இருக்கும் என்பதால் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாகத் தெரியாது. கடைகளில் தொங்குகிற மலிவான எல்.இ.டி. பல்புகளுக்குள் மின்னோட்டத்தைச் சமன்செய்யும் பாகம் சரியாக இருக்காது, வெளிச்சம் கிட்டத்தட்ட அணைந்து எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகம் 1/250 வினாடிக்குப் போனால் சென்சாரின் ஒரு பகுதி விளக்கு பிரகாசமாக இருந்த நேரத்திலும் இன்னொரு பகுதி மங்கிய நேரத்திலும் பதிவாகிறது. அதுதான் பட்டை.

தீர்வு 1/100 அல்லது 1/50. இந்த இரண்டு வேகத்திலும் ஒவ்வொரு வரிசைக்கும் முழு சுற்றுகளாகவே வெளிச்சம் கிடைக்கும், எல்லா வரிசையும் ஒரே அளவு வாங்கும். 1/60 வைத்தால் ஒரு சுற்றும் அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கும் வரும், லேசான பட்டை திரும்பத் தலைகாட்டும். ஆன்ட்டி ஃபிளிக்கர் என்று ஒரு வசதி உங்கள் கேமரா மெனுவில் இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். விளக்கு உச்சத்தில் எரியும் கணத்துக்காக ஷட்டர் ஒரு இமைப்பொழுது காத்திருக்கும், அப்போது 1/250லும் எடுக்கலாம். லைவ் வியூவில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் இருந்தால் மார்க்கெட்டில் அதைத் தொடவே வேண்டாம். சென்சாரை வரிவரியாக மெதுவாகப் படிப்பதால் பட்டைகள் இன்னும் மோசமாக வரும்.

இங்கேதான் சிக்கல். பட்டை வராமல் இருக்க 1/100 வேண்டும். பூக்கட்டும் விரல்களை உறையவைக்க 1/250க்குக் குறையாமல் வேண்டும், வேகமாகக் கட்டுபவர் என்றால் 1/500. ஆன்ட்டி ஃபிளிக்கர் இல்லாத கேமராவில் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்காது. எனவே எதை எடுக்கிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள். ஆளின் முகம்தான் படம் என்றால் 1/100 போதும். அவர் மொழம் போட்டு அளந்துவிட்டு நிமிரும் கணத்துக்குக் காத்திருந்து எடுங்கள், அந்த அரை நொடி உடம்பு அசையாது. விரல்கள்தான் படம் என்றால் விடியும்வரை பொறுத்து, வானத்து வெளிச்சம் விழும் ஓரக் கடைக்குப் போய் 1/500 வையுங்கள்.

முகம் மங்கியதற்குக் காரணம் ஒன்றாக இருக்காது. படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னால் எரியும் பல்பு உட்பட எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. கூடையும் தராசும் தெளிவாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். முகம் மொழுக்கென்று இருக்க, காதுத் தோடோ முன்னால் இருக்கும் மல்லிகைப் பந்தோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எதுவுமே கூர்மையாக இல்லாமல் எல்லாமே புகைமூட்டமாகத் தெரிந்தால் லென்ஸில் விரல் ரேகை படிந்திருக்கலாம், அல்லது முன்னால் மாட்டிய 200 ரூபாய் ஃபில்டரின் வேலையாக இருக்கலாம். அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

கை ஆட்டத்துக்கு ஒரு கணக்கு உண்டு. லென்ஸின் மி.மீ. எண்ணைக் கிராப் அளவால் பெருக்கி அதன் தலைகீழைக் குறைந்தபட்ச ஷட்டராக வையுங்கள். நிக்கான் கிராப் சென்சாருக்கு 1.5, கேனனுக்கு 1.6. ஆக 50 மி.மீ. லென்ஸுக்கு ஏறக்குறைய 1/80. கிட் லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் 1/20 வரைகூடத் தாங்கும். ஆனால் அது உங்கள் கை ஆட்டத்தை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும், எதிரில் இருப்பவர் தலையைத் திருப்பினால் அதற்கு ஒன்றும் செய்யாது. மூட்டை தூக்கிக்கொண்டு வேகமாக நடப்பவரை உறையவைக்க 1/250, ஓடும் பிள்ளைகளுக்கு 1/500.

ஃபோகஸ் தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த எஃப் 1.8. அது லென்ஸ் துவாரத்தின் (அப்பர்ச்சர்) அளவு, எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும். ஒரு மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸை 1.8ல் திறந்தால் கிராப் சென்சாரில் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 2.7 சென்டிமீட்டர்தான். கண்ணில் ஃபோகஸ் செய்தால் காது போய்விடும். கண்ணில் பிடித்துவிட்டு கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி ஃபிரேம் அமைக்கிற பழக்கம் இருந்தால் அந்தத் திருப்பலிலேயே ஒரு சென்டிமீட்டர் நழுவும், மூச்சுவிட்டு நீங்கள் முன்னே சாய்ந்தாலும் நழுவும். எஃப் 4 வைத்தால் ஆழம் 6 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. பின்னணி அப்போதும் போதுமான அளவு கரையும். இருட்டில் இரண்டுக்கும் நடுவே 2.8 நல்ல சமரசம். பின்னணி கரைந்தால்தான் நல்ல படம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பூ மார்க்கெட்டில் பின்னணிதான் பாதிப் படம், அதைக் கரைத்துவிட்டு என்ன எடுக்கப் போகிறீர்கள்?

ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்வு செய்யும்படி விடாதீர்கள். அது பக்கத்தில் இருப்பதையும் கான்ட்ராஸ்ட் அதிகமாக இருப்பதையும்தான் பிடிக்கும், அப்படி இருப்பது எப்போதும் பூக்கூடைதான். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றுங்கள். பழைய டிஎஸ்எல்ஆர்களில் நடுப்புள்ளிதான் மங்கிய வெளிச்சத்தில் நம்பகமானது. அசையாத ஆளுக்கு நிக்கானில் ஏஎஃப்-எஸ், கேனனில் ஒன் ஷாட். நடந்து வருபவருக்கு ஏஎஃப்-சி அல்லது ஏஐ செர்வோ. உங்களுக்கு அருகில் இருக்கும் கண்ணின் இமைக்கோட்டில் புள்ளியை வையுங்கள். கன்னத்தில் வைத்தால் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். இருட்டில் தானாக எரியும் ஃபோகஸ் உதவி விளக்கை அணைத்துவிடுங்கள், காலை நாலரைக்குக் கண்ணில் டார்ச் அடித்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன் பற்றி ஒரு பயம் பரவலாக இருக்கிறது, 800க்கு மேல் போனால் படம் கெட்டுவிடும் என்று. பல்பு வெளிச்சத்தில் எஃப் 2.8, 1/100 என்றால் 800க்கும் 1600க்கும் இடையில் வரும். அதே இடத்தில் கிட் லென்ஸை 55க்கு நீட்டினால் அப்பர்ச்சர் 5.6க்கு மேல் திறக்காது. வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறையும், ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறும். இதனால்தான் விடியும்வரை கிட் லென்ஸைப் பையிலேயே வைக்கச் சொல்வது. ஐஎஸ்ஓ ஏற்றினால் புள்ளிபுள்ளியாக வரும், உண்மைதான். ஆனால் 400ல் இருட்டாக எடுத்துவிட்டு கம்ப்யூட்டரில் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) ஏற்றினால் அதே புள்ளிகள் இன்னும் அசிங்கமாக வரும், நிழலில் செம்மையும் பச்சையுமாகப் படரும். 3200ல் சரியான வெளிச்சத்தில் எடுத்த படம் 400ல் இருட்டாக எடுத்ததைவிடச் சுத்தமாக இருக்கும்.

எம் மோடில் (எல்லாவற்றையும் கையால் வைக்கும் மேனுவல் மோட்) அப்பர்ச்சர் 2.8, ஷட்டர் 1/100 என்று பூட்டிவிட்டு ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு உச்சவரம்பு 6400 வைத்துக்கொள்ளலாம். சில பழைய கேமராக்களில் இப்படி வைத்தால் பிளஸ் மைனஸ் காம்பன்சேஷன் (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) வேலை செய்யாது. உங்களுடையது அந்த ரகம் என்றால் ஐஎஸ்ஓவைக் கையால் மாற்றுங்கள். அந்த பிளஸ் மைனஸ் உங்களுக்கு அவசியம் வேண்டும். ஏன் என்பதற்குத்தான் செண்டுமல்லிக்கு வருகிறேன்.

கேமராவின் மீட்டருக்கு எதிரில் இருப்பது பூவா, கரியா என்று தெரியாது. பார்ப்பதையெல்லாம் நடுத்தர சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். மல்லிகைக் குவியலை ஃபிரேம் நிறைய எடுத்தால் அதைச் சாம்பலாக்கிவிடும், அதற்கு பிளஸ் 1 வேண்டும். கருங்கல் தூணுக்கு மைனஸ் 1. இது எல்லாப் பாடத்திலும் சொல்வதுதான். செண்டுமல்லியில் நடப்பது வேறு. ஆழ்ந்த ஆரஞ்சில் சிவப்பு மிக அதிகம், பச்சை நடுத்தரம், நீலம் ஏறக்குறைய இல்லை. பின்திரையில் தெரியும் வெள்ளை ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) மூன்றையும் கலந்து காட்டுவதால் எல்லாம் பத்திரமாக இருப்பதுபோல் தெரியும். சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். சிவப்பு முட்டிவிட்டால் இதழுக்கும் இதழுக்கும் நடுவே இருக்கும் நிழல் வித்தியாசம் பதிவாகாது, குவியல் முழுக்க ஒரே திட்டு. கனகாம்பரத்திலும் செம்பருத்தியிலும் இதே கதைதான்.

எனவே படம் பார்க்கும் திரையில் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை வரவழையுங்கள். டிஎஸ்எல்ஆரில் மேல் கீழ் பட்டனையோ இன்ஃபோ பட்டனையோ இரண்டு மூன்று முறை அழுத்தினால் மூன்று நிறமும் தனித்தனியாக வரும். சிவப்புக் கோடு வலது சுவரைத் தொடாதபடி மைனஸ் 2/3 அல்லது மைனஸ் 1க்கு இறக்குங்கள். அந்த ஹிஸ்டோகிராம் கேமராவுக்குள் தயாராகும் ஜேபெக்கை வைத்து வரைவது. பிக்சர் ஸ்டைல் விவிடில் இருந்தால் இல்லாத ஆபத்தையும் காட்டும். நியூட்ரலுக்கு மாற்றினால் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். தலைக்கு மேல் தொங்கும் பல்பு ஃபிரேமுக்குள் வந்து வெள்ளையாகிவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். பல்பு வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும், அதற்குள் யாரும் விவரம் தேடப்போவதில்லை.

வெளிச்சம் எப்போது நல்லது என்பதற்கு இணையத்தில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. அவர்கள் சொல்லும் ஒரு மணி நேரத் தங்க வெளிச்சம் பெங்களூருக்குப் பொருந்தாது. நாம் 13 டிகிரி வடக்கில் இருக்கிறோம், சூரியன் கிட்டத்தட்ட நேர்குத்தாக மேலே ஏறுகிறது, மணிக்குச் சுமார் 14 டிகிரி. உதித்து 40 நிமிடத்துக்குள் மென்மை போய்விடும். ஜனவரியில் உதயம் 6.45 வாக்கில், ஜூனில் 6 மணிக்குச் சற்று முன்பே. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகலில் சூரியன் சரியாக உச்சிக்கு வந்து கம்பத்தின் நிழலே காணாமல் போகும். அந்த மாதங்களில் பதினோரு மணிக்கு வெயிலில் ஆளை நிறுத்தினால் கண் இரண்டும் பள்ளமாகத்தான் வரும். மார்க்கெட்டில் சிறந்த நேரம் பல்பு வெளிச்சமும் வானத்து நீலமும் சரிபாதியாகக் கலக்கும் அந்த இருபது நிமிடம். மேல்மாடியிலிருந்து குவியல்களைக் கீழே பார்த்து எடுக்கும் காட்சி எல்லாரும் எடுத்துத் தேய்ந்ததுதான். என்றாலும் எக்ஸ்போஷர் பழக அதைவிட நல்ல இடம் இல்லை, ஒரே ஃபிரேமில் மல்லிகையும் செண்டுமல்லியும் கருத்த மூட்டையும் கிடைக்கும்.

வீட்டுப் பக்கத்திலேயே இன்னொரு பயிற்சி இருக்கிறது. அல்சூர் ஏரிக்கரையில், 18 வருஷம் மூடிக்கிடந்து 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலைக்குச் சாயங்காலம் போங்கள். சூரியன் சிலைக்குப் பின்னால் வரும்படி நின்று, வானத்துக்கு ஏற்ற எக்ஸ்போஷரில் ஒரு படம், சிலைக்கு ஏற்றதில் ஒரு படம், வானம் வெளிறாமல் தப்பும் கடைசி எல்லையில் ஒரு படம். மூன்றையும் ராவில் எடுத்துக் கம்ப்யூட்டரில் திறந்து, முதல் படத்தின் நிழலை ஏற்றியும் இரண்டாவதன் வானத்தை இறக்கியும் பாருங்கள். நிழலிலிருந்து எவ்வளவோ மீட்கலாம், வெளிறிப்போன வானத்திலிருந்து எதையும் மீட்க முடியாது என்பது அரை மணியில் கைக்கே புரிந்துவிடும்.

எடிட்டிங்குக்கு வருவோம். லைட்ரூம் சந்தா கட்டப் பிடிக்கவில்லை என்றால் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். டார்க்டேபிள் பழக நாளாகும், பொறுமை இருந்தால் லைட்ரூமுக்குக் குறைந்ததில்லை. பட்டன்களின் பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான், இங்கே லைட்ரூம் பெயர்களைச் சொல்கிறேன்.

நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு அக்கா உட்கார்ந்திருக்கிறார், முன்னால் செண்டுமல்லிக் குவியல், பின்னால் மஞ்சள் பல்பு. இந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் லென்ஸின் வளைவையும் ஓர இருட்டையும் சரிசெய்யும் லென்ஸ் ப்ரொஃபைலை டிக் செய்து, கடைத்தூண் செங்குத்தாக நிற்கும்படி நிமிர்த்தி, கிராப் செய்யுங்கள். கிராப்பை முதலிலேயே முடிப்பது நல்லது, வெட்டியெறியப்போகும் மூலையில் எரியும் பல்புக்காக ஹைலைட்ஸை இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அடுத்து ஒயிட் பேலன்ஸ். வெள்ளையாக இருக்கிறதே என்று ஐட்ராப்பரை (இதுதான் வெள்ளை என்று தொட்டுக் காட்டும் கருவி) மல்லிகை மொட்டில் வைக்காதீர்கள். மொட்டில் லேசான பச்சை உண்டு, மென்பொருள் அதை ஈடுகட்டப் போய்ப் படம் முழுக்க ரோஸ் பூசிவிடும். யாராவது வெள்ளைச் சட்டையோ வேட்டியோ கட்டியிருந்தால், பல்பு வெளிச்சம் நேராக விழும் பகுதியில் வையுங்கள். இல்லையென்றால் கண்ணால் பார்த்தே நகர்த்துங்கள். மஞ்சள் பல்பு 3000 கெல்வின் சொச்சம், பகல் 5500, நிழல் 7000க்கு மேல். விடிகாலை மார்க்கெட் படங்கள் 3800க்கும் 4500க்கும் நடுவே ஓரிடத்தில் சமாதானமாகும். பல்பை முழு வெள்ளையாக்கப் பார்க்காதீர்கள், மஞ்சள் கொஞ்சம் மிஞ்சினால்தான் விடிகாலை என்று தெரியும். எல்.இ.டி.யின் பச்சைச் சாயல் இருந்தால் டின்ட் பிளஸ் 8, 10 போதும்.

இவ்வளவு செய்த பிறகும் அக்காவின் முகம் நீலமாகத்தான் இருக்கும். பல்பின் மஞ்சளும் தார்ப்பாயின் நீலமும் ஒரே ஃபிரேமில் இருக்கும்போது ஒரு ஸ்லைடர் இரண்டையும் சரிசெய்யாது. மாஸ்கில் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தும் கருவி) பிரஷ் எடுத்து, ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதரை 100 வைத்து, முகத்தையும் கழுத்தையும் கையையும் பூசி, அந்தப் பகுதிக்கு மட்டும் டெம்பை பிளஸ் 12 முதல் 20 வரை ஏற்றுங்கள். எக்ஸ்போஷர் பிளஸ் 0.3. கையை விட்டுவிட்டு முகத்தை மட்டும் திருத்தினால் வேறொருவர் கை மாதிரி இருக்கும், இந்தத் தப்பைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

பிறகு படம் முழுக்க ஹைலைட்ஸ் மைனஸ் 50, ஷேடோஸ் பிளஸ் 25. ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு ஒயிட்ஸை நகர்த்தினால் திரை கருப்பாகி, வெளிறும் இடம் மட்டும் பளிச்சிடும். செண்டுமல்லியில் சிவப்புப் புள்ளிகள் தெரிய ஆரம்பித்தால் அதற்கு ஒரு படி முன்னால் நிறுத்துங்கள். பிளாக்ஸையும் இதேபோல இறக்கி, தராசுக்கு அடியில் இருக்கும் நிழலாவது முழுக் கருப்பைத் தொடும்படி விடுங்கள். கருப்பே இல்லாத படம் சாம்பல் பூசினாற்போல் இருக்கும். ஷேடோஸை 80, 100 என்று ஏற்றுபவர்களுக்கு ராத்திரியே கிடையாது போலிருக்கிறது.

இப்போது பூவுக்கு விவரம் மீட்க வேண்டும். கை தானாக ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக மாற்றும் எச்எஸ்எல் பகுதியின் ஆரஞ்சுக்குப் போகும், போகாதீர்கள். நம் தோலின் நிறமும் அந்த ஆரஞ்சு வரிசையில்தான் இருக்கிறது. பூவுக்காக ஆரஞ்சு சேச்சுரேஷனை 20 இறக்கினால் முகம் சாம்பல் பூத்துப்போகும். ஆரஞ்சு லூமினன்ஸை ஏற்றினால் முகம் வெளுக்கும். குவியலை மட்டும் தனி மாஸ்கில் எடுத்து, அதற்குள் சேச்சுரேஷன் மைனஸ் 15, எக்ஸ்போஷர் மைனஸ் 0.3, டெக்ஸ்சர் பிளஸ் 20. இதழ் இதழாகப் பிரிந்து வரும். சேச்சுரேஷனைக் குறைத்தால் பூ மங்காதா என்று கேட்பீர்கள். திரையில் காட்டவே முடியாத அளவு ஆழமான ஆரஞ்சு அது. கொஞ்சம் உள்ளே இழுத்தால்தான் அந்த நிறத்துக்குள் ஏற்ற இறக்கம் காட்ட இடம் கிடைக்கும்.

தோலைப் பற்றி இன்னொன்று. மொபைல் ஆப்களின் ஆட்டோ பட்டனும் பியூட்டி ஃபில்டரும் கருத்த முகத்தை வெளுக்க வைப்பதையே திருத்தம் என்று நினைக்கின்றன. மாநிறத் தோலின் அழகு அதன் மேல் விழும் மினுமினுப்பிலும் அடியில் இருக்கும் செம்மையிலும் இருக்கிறது. மினுமினுப்பு வேண்டுமானால் கன்ன எலும்பு, நெற்றி, மூக்கின் மேடு மூன்றிலும் மட்டும் சின்ன பிரஷில் எக்ஸ்போஷர் பிளஸ் 0.2 கொடுங்கள். முகம் முழுக்க ஏற்றாதீர்கள். கிளாரிட்டியை முகத்தில் படவிடாதீர்கள், ஒவ்வொரு சுருக்கமும் உளியால் கொத்தியதுபோல் வரும்.

நாய்ஸ் ரிடக்ஷன் லூமினன்ஸ் 20 முதல் 30, அதற்கு மேல் போனால் முகம் மெழுகாகிவிடும். ஷார்ப்பனிங் 40, மாஸ்கிங்கை ஆல்ட் அழுத்தியபடி 60 பக்கம் நகர்த்தினால் விளிம்புகளில் மட்டும் வேலை செய்யும், புள்ளிகளைக் கூர்மையாக்காது. பிறகு எழுந்துபோய் ஒரு காபி குடித்துவிட்டு வந்து பாருங்கள். கண் அதிக நிறத்துக்குச் சீக்கிரம் பழகிவிடும், பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் முக்கால்வாசி ஸ்லைடர்களைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கத் தோன்றும். இழுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கேமரா என்பதால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். எஃப் 16 வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெறும் வானத்தை எடுத்துப் பாருங்கள். கருப்புப் பொட்டுகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. ரப்பர் பம்பு ஊதியால் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறித்துக் கறை படிந்துவிடும். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துச் சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை, மற்ற லென்ஸோடு ஒரே பையில் வைக்காதீர்கள்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். ஒரே கடையில் ஆரம்பியுங்கள். நாலு ஞாயிற்றுக்கிழமை அதே கடை, 50 மி.மீ. லென்ஸ் மட்டும். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து கெட்ட படங்களை நீக்குவதற்கு முன் ஒவ்வொன்றும் ஏன் கெட்டது என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்: கை, ஆள், ஃபோகஸ், பட்டை, சிவப்பு. முதல் வாரம் எது அதிகமோ அடுத்த வாரம் அதை மட்டும் கவனியுங்கள். படம் எடுக்கும் முன் ரெண்டு மொழம் பூ வாங்கிவிட்டு "அக்கா, ஒரு ஃபோட்டோ எடுத்துக்கட்டுமா" என்று கேளுங்கள். அங்கே தமிழ் பேசுகிற கடைகளுக்குப் பஞ்சமில்லை. வேண்டாம் என்றால் அடுத்த கடை.

ஏற்றுமதி செய்யும்போது திரைக்கு நிறவெளி (கலர் ஸ்பேஸ்) எஸ்ஆர்ஜிபி, நீளப்பக்கம் 2048 பிக்சல், தரம் 80. அடோபி ஆர்ஜிபியில் கொடுத்தால் பல ஆப்களில் நிறம் செத்துத் தெரியும். வாட்ஸப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள், ஃபோட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கு. உங்கள் 6000 × 4000 படம் 12 × 18 அங்குலம் வரை தாராளமாகத் தாங்கும். லேப்டாப் வெளிச்சத்தை முழுசாக வைத்து எடிட் செய்தால் பிரிண்ட் இருட்டாக வரும். பாதிக்குக் குறைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து இரண்டும் ஒரே பிரகாசத்தில் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அக்காவுக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுப்பதாக இருந்தால் 4 × 6 சொல்லுங்கள், சென்சாரின் விகிதமும் அதுவேதான், அப்படியே பொருந்தும். 5 × 7 என்றால் நீளவாட்டில் அரை அங்குலம் வெட்டுப்படும், எந்தப் பக்கம் வெட்டுவது என்பதை லேபிடம் விடாமல் நீங்களே கிராப் செய்து கொடுங்கள். தலையிலிருக்கும் பூவை வெட்டிவிடப் போகிறார்கள்.